முகூர்த்தத்துக்கு மூன்று நாள்... மூக்கின் மேல் ஒரு பரு! எதைத் தடவலாம், எதைத் தொடவே கூடாது?

மண்டபக்காரர் சொன்ன தேதிக்குச் சாவி கொடுத்துவிடுவார். சமையல்காரர் சொன்ன நேரத்துக்கு அடுப்பு மூட்டிவிடுவார். பிளவுஸ் தைக்கிறவர்கூட எப்படியாவது முதல் நாள் ராத்திரிக்குள் கொடுத்துவிடுவார். யாருக்கும் சொல்லாமல், யாரும் கூப்பிடாமல் வந்து நிற்கிற விருந்தாளி ஒன்றுதான்... பரு! அதுவும் கன்னத்தின் ஓரமாக, தலைமுடி மறைக்கிற இடத்திலா வரும்? மூக்கு நுனியிலோ, நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்திலோ, கேமராவுக்கு நேராகத்தான் வரும்.

கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் என்றில்லை. மாப்பிள்ளைக்கு, பெண் பார்க்க வருகிற நாளில் பெண்ணுக்கு, கல்லூரி ஆண்டு விழாவில் மேடையேறுகிற மாணவிக்கு, இன்டர்வியூ போகிற பையனுக்கு என எல்லோருக்கும் இந்தக் கதைதான். அந்த நேரத்து அவசரத்தில் செய்கிற காரியம்தான் பெரிய சிக்கல். தானாக ஒரு வாரத்தில் போயிருக்க வேண்டிய பருவை ஆறு மாதத் தழும்பாக மாற்றிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

மூன்று மொழி, ஒரே க்ரீம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது குந்தாரப்பள்ளி. வெள்ளிக்கிழமை கூடுகிற ஆட்டுச் சந்தைக்குப் பெயர் போன ஊர். கூட்ரோட்டில் திரும்பினால் வேப்பனப்பள்ளி. அதைத் தாண்டினால் ஆந்திர எல்லையும் கர்நாடக எல்லையும் கைக்கெட்டும் தூரம். சந்தைக்கு வருகிறவர்கள், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று ஒரே இடத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். பருவுக்கும் இங்கே மூன்று பெயர் உண்டு. தெலுங்கு பேசுகிறவர்களுக்கு அது 'மொட்டிம'. கன்னடம் பேசுகிறவர்களுக்கு 'மொடவெ'. பெயர் எதுவானாலும், மருந்துக் கடையில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, ரெண்டு நாள்ல பரு போற மாதிரி ஒரு க்ரீம் குடுங்க. ஞாயித்துக்கிழமை விசேஷம்."

இந்தக் கேள்வி குந்தாரப்பள்ளியில் மட்டும் கேட்பதல்ல, தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் கேட்பதுதான். ஆனால், இந்தப் பகுதியில் பருவுக்குக் கூடுதல் காரணங்கள் சில உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்கிற பிள்ளைகள் அதிகம். தூசு படாத அறையில் எட்டு மணி நேரம் முகக்கவசமும் தலை உறையும் போட்டபடி நிற்கிறவர்களுக்கு, மூச்சுக்காற்றின் ஈரமும் துணியின் உராய்வும் சேர்ந்து வாயைச் சுற்றியும் தாடையிலும் பரு கிளம்பும். கொரோனா காலத்தில் ஊரே பார்த்த 'மாஸ்க் பரு'தான் இது. பைக்கில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டின் நாடா உரசுகிற தாடையிலும், பஞ்சு அழுத்துகிற நெற்றியிலும் வரும். லேத், சி.என்.சி. மெஷின்களில் வேலை பார்க்கிற இளைஞர்களுக்கு வெட்டெண்ணெய் பட்ட கை, தொடைகளில் முள் முள்ளாகப் பொங்கும். எண்ணெயில் ஊறிய யூனிஃபார்மை நாள் முழுக்க உடம்பில் வைத்திருப்பதால் வருவது அது. இதற்கெல்லாம் க்ரீமைவிட, ஷிப்ட் முடிந்ததும் முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவதும், முகக்கவசத்தையும் சட்டையையும் துவைத்து மாற்றுவதும் அதிகம் உதவும்.

முந்தாநாள் வந்ததல்ல அந்தப் பரு

'நேத்து ராத்திரி இல்லையே, காலையில பாத்தா இருக்கு' என்போம். உண்மையில் அந்தப் பரு பல வாரங்களுக்கு முன்பே கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டது. தோலுக்குள் முடி முளைக்கிற குழியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அந்தக் குழியின் வாயில் உதிர்ந்த தோல் செல்கள் எண்ணெயோடு கலந்து அடைத்துக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன அடைப்புதான் விதை. உள்ளே தேங்கிய எண்ணெயில் 'க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ்' என்கிற பாக்டீரியா பெருகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதோடு மல்லுக்கு நிற்கும். சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள். நமக்குத் தெரிவது சண்டையின் கடைசிக் காட்சி மட்டும்.

இது புரிந்தால் ஒரு விஷயம் தெளிவாகிவிடும். அடைப்பைத் திறந்து பருவே வராமல் செய்கிற மருந்துகளுக்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். மூன்று நாளில் செய்ய முடிந்தது வீக்கத்தையும் சிவப்பையும் இறக்குவது மட்டுமே. 'ஒரே இரவில் பரு மாயம்' என்று எந்த வீடியோ சொன்னாலும், அதில் பாதி விளக்கு வெளிச்சத்தின் வேலை.

விசேஷத்தை ஒட்டிப் பரு வருவது தற்செயலும் அல்ல. தூக்கம் கெடுகிறது, பதற்றம் கூடுகிறது. நிறைய பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரம் பரு எழும்புவது வழக்கம். முகூர்த்தத் தேதி அந்த வாரத்தில் விழுந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்யாணத்தன்று 'அந்த நாள்' வந்துவிடக் கூடாது என்று மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த ஹார்மோன் மாத்திரையால் சிலருக்குப் பரு கிளம்பலாம். அதைவிட முக்கியம், ரத்தக் கட்டி, கல்லீரல் பிரச்னை போன்றவை இருந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. சித்தி போட்டாள், அக்கா போட்டாள் என்று கடையில் வாங்கி விழுங்காமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம் அந்தக் கடைசி நேர ஃபேஷியல்! கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பார்லருக்குப் போய் ஆவி பிடித்து, கரும்புள்ளியை நெம்பி எடுத்து, ப்ளீச்சும் செய்துகொள்கிறார்கள். எரிச்சலடைந்த தோலில் சின்னச் சின்னக் கொப்பளங்கள் சரியாக முகூர்த்தத்தன்று எட்டிப் பார்க்கும். ஃபேஷியல் செய்துதான் ஆக வேண்டும் என்றால் பத்து நாளுக்கு முன்பே முடித்துவிடலாம். புது க்ரீம், புது சீரம், புது சோப்பு எதையும் கடைசி இரண்டு வாரங்களில் முகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நான்கைந்து நாள் கையில் இருந்தால்

முதலில் எந்த வகைப் பரு என்று பாருங்கள். தலையில் வெள்ளையாகச் சீழ் தெரிகிற பரு ஒரு வகை. தலையே இல்லாமல், தொட்டால் வலிக்கிற மாதிரி உள்ளே கட்டியாக இருப்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சீழ் தெரிகிற பருவுக்குப் பென்சாயில் பெராக்ஸைடு ஜெல் நன்றாக வேலை செய்யும். பாக்டீரியாவைக் கொல்லும், ஆன்டிபயாடிக் மருந்துகளைப் போலக் கிருமி இதற்குப் பழகிப்போவதும் இல்லை. 2.5 சதவிகிதம், 5 சதவிகிதம், 10 சதவிகிதம் என்றெல்லாம் வரும். 'அவசரம்தானே, பத்தையே குடுங்க' என்று கேட்காதீர்கள். சிவந்த பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவிகிதமும் ஏறக்குறைய அதே பலனைத் தரும். எரிச்சலும் தோல் உரிவதும்தான் பத்தில் அதிகம். கல்யாணத்தன்று பரு போய், அந்த இடம் உரிந்து வெள்ளைத் திட்டாக நின்றால் மேக்கப்கூட ஒட்டாது. முகம் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு பருவின் மேல் மட்டும் மெல்லியதாக, ராத்திரி ஒரு தடவை போதும். முதல் தடவை என்றால் தாடையின் ஓரத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்துக்கு வரலாம்.

இந்த ஜெல்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. துணியில் பட்டால் சாயத்தை வெளுத்துவிடும். தலையணை உறை போனால் பரவாயில்லை. முகூர்த்தப் புடவை கட்டிலில் விரித்து வைத்திருக்கிற அறையில், கை கழுவாமல் அதைத் தொட்டுவிட்டால்? பட்டில் விழுந்த அந்த வெள்ளைப் பொட்டை யாராலும் எடுக்க முடியாது. ட்யூபை வெயில் படுகிற ஜன்னலிலோ, பைக் பெட்டியிலோ வைக்கவும் கூடாது. சூட்டில் அது சிதைந்து 'பென்சீன்' என்கிற வேண்டாத ரசாயனம் உண்டாகலாம் என்று அமெரிக்காவில் 2024-ல் பேச்சு எழுந்து, மறு வருடம் அங்கே சில தயாரிப்புகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நம் ஊர் சித்திரை வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

கரும்புள்ளி, வெண்புள்ளி மாதிரி சின்ன அடைப்புகளுக்கு 2 சதவிகிதம் சாலிசிலிக் ஆசிட் உள்ள ஃபேஸ்வாஷ் போதும். இரண்டையும் ஒரே ராத்திரி சேர்த்துப் போட்டு முகத்தை ரணமாக்க வேண்டாம். அடாபலீன், ட்ரெட்டினாயின் மாதிரியான ஜெல்கள் நல்ல மருந்துகள்தான். ஆனால் முதல் சில வாரங்கள் எரிச்சலும் சிவப்பும் கொடுத்துவிட்டுத்தான் பலன் தரும். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தொடங்குகிற மருந்துகள் அல்ல அவை. கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இப்போது கடைகளில் 'பிம்பிள் பேட்ச்' என்று குட்டி வட்ட ஸ்டிக்கர் கிடைக்கிறது. புண்ணுக்குப் போடுகிற ஹைட்ரோகொலாய்டு கட்டுதான் அது. சின்னதாக வெட்டி விற்கிறார்கள். சீழ் தெரிகிற பருவின் மேல் ராத்திரி ஒட்டிக்கொண்டு படுத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதில் பெரிய லாபம் வேறு: விரல் பருவுக்குப் போகாது! பேச்சுக்குப் பேச்சு தாடையைத் தடவிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கிக் கொடுக்கலாம். கட்டிப்பருவுக்கு மட்டும் இது பயன்படாது.

கட்டிப்பருவுக்கு வெதுவெதுப்பான ஒத்தடம்தான். சுத்தமான பருத்தித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கிற சூட்டில் 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வைத்து எடுக்கலாம். வலியும் சிவப்பும் அதிகமாக இருந்தால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஐந்து நிமிடம் வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் தேய்த்தால் தோல் கருகிவிடும்.

ஊசி போட்டால் ஒரே நாளில் போய்விடுமா?

பெரிய நகரங்களில் மணப்பெண்கள் விசாரிக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. ட்ரையாம்சினலோன் என்கிற ஸ்டீராய்டு மருந்தை நன்றாக நீர்க்கச் செய்து, ஒரு துளி அளவு, கட்டிப்பருவுக்குள்ளேயே மிக மெல்லிய ஊசியால் தோல் மருத்துவர் செலுத்துவார். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கட்டி அமுங்கிவிடும். இது உண்மையான, நல்ல சிகிச்சை. அளவு தவறினால் அந்த இடத்தில் பள்ளம் விழலாம், நிறம் வெளுக்கலாம். அது சரியாக மாதங்கள் ஆகும். அதனால்தான் தோல் மருத்துவரைத் தவிர வேறு யாரும் இதைப் போடக் கூடாது. முதல் நாள் சாயங்காலம் ஓடினால் பயனில்லை. மூன்று நான்கு நாள் முன்னதாகப் போக வேண்டும்.

குந்தாரப்பள்ளிக்காரர்கள் இதற்காக பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே நெடுஞ்சாலையில் போலுப்பள்ளியில் இருக்கிறது. காலையில் புறநோயாளிகள் சீட்டு வாங்கித் தோல் பிரிவில் காட்டிக்கொள்ளலாம். முகப்பருவுக்காக அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று கூச்சப்படுகிறவர்கள்தான் பெட்டிக்கடை க்ரீமில் ஏமாறுகிறார்கள்.

இரண்டு நாள் அழகு, இரண்டு வருட அவஸ்தை

மறுபடி அந்த மருந்துக் கடைக்கு வருவோம். 'ரெண்டு நாள்ல போற மாதிரி க்ரீம்' என்று கேட்டால், பல ஊர்களில் கைக்கு வருவது ஸ்டீராய்டு கலந்த க்ரீம்தான். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டோடு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என மூன்று மருந்து ஒன்றாகக் கலந்திருக்கும். இவை தோல் அழற்சி போன்ற நோய்களுக்காகவும், கரும்படைக்குக் குறுகிய காலச் சிகிச்சையாகவும் மருத்துவர் எழுதித்தருகிற மருந்துகள்.

இதில் உள்ள கொடுமை என்னவென்றால், தடவினால் பலன் தெரியும். அதுவும் சீக்கிரம். ரத்தக் குழாய்கள் சுருங்கி, சிவப்பு மறைந்து, வீக்கம் இறங்கி, முகம் ஒரு சுற்று வெளுப்பாகவும் தெரியும். கல்யாணம் நன்றாக நடந்துவிடும். 'நல்ல க்ரீம்' என்று தங்கைக்கும் சிபாரிசு போகும். தினமும் தடவத் தொடங்குவார்கள். சில வாரங்கள், மாதங்கள் கழித்து நிறுத்திப் பார்த்தால் முகம் தீயாக எரியும், சிவக்கும், முன்னைவிட அதிகமாகப் பரு பொங்கும். பயந்துபோய் மறுபடி தடவினால் அடங்கும். நாளடைவில் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் வெளியே தெரியும், பெண்களுக்குக் கன்னத்தில் ரோமம் வளரும், வெயிலில் நிற்கவே முடியாது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு பேர் இப்படி என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நாட்டின் பல ஊர்களில் தோல் மருத்துவமனைகளுக்கு முகப் பிரச்னையோடு வந்த 2,926 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. அவர்களில் 433 பேர், அதாவது ஏழில் ஒருவர், முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதை எழுதித்தந்தது மருத்துவர் அல்ல. பக்க விளைவுகளில் முதலிடம் எதற்கு என்கிறீர்கள்? பருவுக்கேதான்! பரு போகத் தடவினார்கள், பருவே மிஞ்சியது. தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுகள் கொண்ட பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியைத் திருத்தியது. விதி இருக்கிறது, கேட்டால் கிடைக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, வாங்குகிறவர்தான் ட்யூபைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மருந்தின் பெயர் 'சோன்' என்று முடிந்தாலோ, 'க்ளோபீட்டசால்' என்று இருந்தாலோ, சீட்டு இல்லாமல் அது முகத்துக்கு வேண்டாம்.

சந்தையிலும் ஆன்லைனிலும் பெயர் ஊர் தெரியாத டப்பாக்களில் வரும் வெள்ளையாக்கும் க்ரீம்கள் இன்னும் மோசம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக வடிகட்டி பாதிக்கப்பட்டு வந்த பலர் அப்படிப்பட்ட க்ரீம் தடவியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் கண்டுபிடித்து 2023-ல் எச்சரித்தார்கள். முகத்துக்குத் தடவியது கிட்னி வரை போயிருக்கிறது.

சமையலறை வைத்தியமும் மாம்பழப் பழியும்

டூத் பேஸ்ட் வைக்கலாமா? வேண்டாம். காய்ந்து உரியும், எரியும், கறுக்கும். எலுமிச்சைச் சாறு? அதன் அமிலம் ஒரு பக்கம், சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடுவது இன்னொரு பக்கம். சமையல் சோடா, பூண்டு அரைத்துத் தடவுவது, இரண்டும் தீக்காயம் மாதிரிப் புண்ணாக்கிய கதைகள் மருத்துவர்களிடம் நிறைய உண்டு. மஞ்சள் அப்படி ஆபத்தானதல்ல. நலங்கு மஞ்சள் பலருக்கும் ஒத்துக்கொள்ளும். ஆனால் பருவின் மேல் அழுத்தித் தேய்க்காமல் லேசாகத் தடவச் சொல்லுங்கள். அத்தைமார்கள் ஆசையில் கன்னத்தை உரசி எடுத்துவிடுவார்கள்! கடையில் வாங்குகிற வாசனைப் பொடியில் என்ன சாயம் இருக்கிறது என்று தெரியாது. வீட்டில் இடித்த கஸ்தூரி மஞ்சள் என்றால் நிம்மதி.

தலைக்கு வழிய வழியத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்களுக்கு நெற்றி ஓரத்தில் வரிசையாகச் சின்னப் பருக்கள் வரும். விசேஷ வாரத்தில் எண்ணெயைக் கொஞ்சம் குறைத்து, நெற்றியில் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதே நெற்றியில், ஒரே அளவில், அரிப்போடு கூட்டமாக வந்தால் அது பருவே இல்லாமல் பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். அதற்குப் பரு மருந்து கேட்காது, மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழத்தைப் பற்றிப் பேசாமல் பருவைப் பற்றிப் பேச முடியாது. வைகாசி, ஆனி முகூர்த்தங்களும் மாம்பழ சீசனும் ஒன்றாக வரும். 'மாம்பழம் தின்னியா, சூடு, அதான் கிளம்பிடுச்சு' என்று வீட்டில் பழி விழும். மாம்பழம் பருவைக் கொண்டுவரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சர்க்கரை சட்டென ஏறுகிற உணவுகளுக்கும் பாலுக்கும் பருவோடு ஓரளவு தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால், பழத்தைவிடக் கூல்டிரிங்க்ஸையும் மைசூர்பாகையும்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். மாம்பழம் செய்கிற குறும்பு வேறு. காம்பிலிருந்து வடிகிற பால் தோலுக்கு ஆகாது. பழத்தைக் கழுவாமல் அப்படியே கடித்துச் சாப்பிட்டால் அந்தப் பால் பட்டு உதட்டோரம் சிவந்து, அரித்து, பொடிப் பொடியாகக் கிளம்பும். அதைப் பரு என்று நினைத்துப் பரு க்ரீமைத் தடவினால் இன்னும் எரியும். காம்பைக் கிள்ளி, பால் வடியவிட்டு, கழுவி, நறுக்கிச் சாப்பிட்டால் கல்யாணப் பெண்ணும் தாராளமாக மாம்பழம் சாப்பிடலாம்.

கிள்ளினால் என்ன ஆகும்?

பருவைக் கிள்ளும்போது சீழ் வெளியே வருவது பாதிதான். மீதி உள்ளே வெடித்து ஆழமாகப் பரவுகிறது. நம் மாநிறத் தோலில் ஒவ்வொரு காயமும் கரும்புள்ளியாகத் தங்கும். கிள்ளாத பரு ஒரு வாரத்தில் அடங்கலாம். கிள்ளிய பருவின் கறுப்பு, வளைகாப்பு போட்டோவிலும் இருக்கும். மூக்கிலிருந்து வாயின் இரண்டு ஓரம் வரையிலான முக்கோணத்தில் இருக்கிற பருவைக் கிள்ளவே கூடாது. அங்குள்ள ரத்த நாளங்களுக்கு மூளையை ஒட்டிய நாளங்களோடு தொடர்பு உண்டு. அரிதாகத்தான் நடக்கும் என்றாலும், தொற்று அந்த வழியாக உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. பரு இருக்கும் பக்கம் முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, கண்ணைச் சுற்றி வலியோ வீக்கமோ இருந்தால் கல்யாண வேலையைப் போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. முகூர்த்தக் காலையில் புது பிளேடைப் பருவின் மேல் இழுக்காதீர்கள். முந்தின நாள் மாலையே ட்ரிம்மரில் முடித்துவிடுவது நல்லது. சலூனில் என்றால், உங்களுக்கென்று புது பிளேடு போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அடிக்கடி பெரிய பெரிய கட்டிப்பருவாக வருகிறவர்கள், மாதவிடாய் தள்ளிப்போவதோடு தாடையில் ரோமமும் பருவும் சேர்ந்து வருகிற பெண்கள், கல்யாணத் தேதி குறித்த அன்றே மருத்துவரைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ஆறு மாத அவகாசத்தில் எவ்வளவோ சரிசெய்யலாம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் கல்யாணத் தேதியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரை சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. கருவுக்குக் கடுமையான ஊனம் வரும். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை இது. அந்த மாத்திரை சாப்பிடும்போது முகத்தில் வேக்ஸிங் செய்தால் தோலே பிய்ந்து வந்துவிடும் என்பதையும் பார்லரில் சொல்லிவிடுங்கள்.

விடிந்தால் முகூர்த்தம்

எல்லாம் செய்தும் பரு அப்படியே உட்கார்ந்திருக்கிறதா? இனி மருந்து வேண்டாம், மறைப்புதான். காலையில் மிதமான ஃபேஸ்வாஷால் ஒரு முறை கழுவி, துணியில் சுற்றிய ஐஸை ஐந்து நிமிடம் வைத்து, எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். சிவப்பாக இருந்தால் முதலில் பச்சை நிறக் கரெக்டரைப் புள்ளி அளவு வைக்க வேண்டும். சிவப்பைப் பச்சை அமுக்கிவிடும். அதன் மேல் தோல் நிறத்துக்கு ஏற்ற கன்சீலரைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கொஞ்சம் பவுடர். தோலைவிட வெளிர் நிறக் கன்சீலர் போட்டால் பரு மேடாக எடுப்பாகத் தெரியும். அந்தத் தவறைத்தான் நிறைய பேர் செய்கிறார்கள். உடைந்து ஈரமாக இருக்கிற பருவின் மேல் மேக்கப் போடக் கூடாது. மேக்கப் செய்கிறவரிடம் பிரஷ்ஷையும் ஸ்பான்ஜையும் கழுவியாயிற்றா என்று கேட்கத் தயங்காதீர்கள். முந்தின முகூர்த்தத்து மணப்பெண்ணின் முகத்தில் புரண்டது அது.

போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பரு இல்லாத பக்கத்திலிருந்து எடுப்பார். ஆல்பத்தில் ஒரே ஒரு பருவை எடுப்பது அவருக்கு அரை நிமிட வேலை. ரிசப்ஷன் முடிந்து வீடு திரும்ப ராத்திரி பன்னிரண்டு ஆனாலும், அசதியில் மேக்கப்போடு படுத்துவிடாமல் முழுக்கக் கழுவித் துடைத்துவிட்டுத் தலையணையில் சாயுங்கள். மறுநாள் மறுவீட்டு விருந்துக்கும் இதே முகம்தான்!